கணினிக்கு எந்தக் கான்கிரீட்டைக் கொடுப்பது?

எம்-25 கான்கிரீட்டின் வலு எவ்வளவு என்று கேட்டால் எங்கள் அலுவலகத்தில் நாலு பேர் நாலு விடை சொல்வார்கள். நாலும் சரியாகவே இருக்கும். 25 மெகாபாஸ்கல் என்பது பெயரிலேயே ஒட்டியிருக்கும் எண். 150 மி.மீ. க்யூபுகளை 28 நாள் கழித்து நசுக்கினால், நூற்றில் ஐந்துக்கு மேல் இந்த எண்ணுக்குக் கீழே விழக் கூடாது என்பதுதான் அதன் பொருள். அப்படி விழாமலிருக்கக் கலவை போடுகிறவர் சராசரியை 31.6க்குக் குறிவைக்க வேண்டும். திட்ட விலக்கமான 4ஐ 1.65ஆல் பெருக்கி 25உடன் கூட்டினால் வருவது அது. க்யூபுக்குப் பதிலாக உருளையை நசுக்கினால் அதில் ஐந்தில் நாலு பங்குதான் தேறும், ஏறக்குறைய 25. இயந்திரத்தின் இரும்புத் தட்டுகள் குட்டையான க்யூபை மேலும் கீழும் உராய்வால் இறுக்கிப் பிடித்துக்கொள்கின்றன. உயரமான உருளையின் நடுப்பகுதிக்கு அந்தப் பிடிப்பு எட்டாது. கட்டடத்தின் தூணும் பீமும் இந்த விஷயத்தில் உருளையின் பக்கம். டிசைன் செய்கிறவரோ 25ஐ 0.67ஆல் பெருக்கி 1.5ஆல் வகுத்து 11.2 என்று எழுதிவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பார்.

வழக்கமான டிசைனுக்கு 11.2 போதும். கட்டடம் உடையாமலிருந்தால் சரி, எப்படி உடையும் என்று அங்கே யாரும் கேட்பதில்லை. நான் பல வருடங்களாகச் செய்துவரும் வேலை வேறு. பழைய கட்டடங்கள், பாலத்தின் தூண்தலைகள், டிசைன் விதிகளுக்குள் அடங்காத கனமான பீம்கள் எல்லாம் எந்தச் சுமையில், எந்த இடத்தில், எந்த விதமாகத் தோற்கும் என்று கணினியில் உடைத்துப் பார்ப்பது. நான்லீனியர் அனாலிசிஸ் என்போம். விரிசல் விடும், கம்பி இளகும், கான்கிரீட் நொறுங்கும். ஒவ்வொன்றையும் படிப்படியாகத் தொடர வேண்டும். அங்கே 11.2ஐக் கொடுத்தால் உலகத்தில் எங்கும் இல்லாத ஒரு கான்கிரீட்டை உடைத்துக்கொண்டிருப்போம்.

ஒரு வேலையைச் சொல்கிறேன். சென்னையில் எண்பதுகளில் கட்டிய ஒரு கட்டடம். தரைத்தளத்தில் வண்டி நிறுத்த இடம் வேண்டுமென்று ஒரு தூணைக் கீழே இறக்காமல், முதல் தளத்தில் ஒரு டிரான்ஸ்ஃபர் பீமின் நடுவில் நிறுத்தியிருந்தார்கள். உரிமையாளருக்கு மேலே இரண்டு தளம் கூட்ட ஆசை. அந்தப் பீம் தாங்குமா என்பதுதான் கேள்வி. எங்களிடம் புதிதாகச் சேர்ந்திருந்த பொறியாளர் மாடலைக் கச்சிதமாகக் கட்டி ஓட்டி, படங்களோடு வந்தார். பீம் நடுவில் அழகாக வளைந்து, கீழ்க்கம்பி இளகி, நல்ல எச்சரிக்கை கொடுத்துத்தான் தோற்றது. கூடுதல் சுமைக்கும் கொஞ்சம் இடமிருந்தது. நான் உள்ளீட்டுப் பக்கத்தைப் புரட்டினேன்.

“ஏம்மா, கம்பிக்கு 361 எங்கேருந்து வந்தது?”

“415ஐ 1.15ஆல வகுத்தேன் சார். சேஃப் சைடுல இருக்கட்டும்னு.”

“யாருக்கு சேஃப்?”

விளையாட்டுக்குக் கேட்கவில்லை. அந்தக் காலத்துக் கம்பி முறுக்குக் கம்பி. குளிர்ந்த நிலையிலேயே முறுக்கி வலுவேற்றியது, இப்போதைய டி.எம்.டி. போல ஓரிடத்தில் நின்று இளகாமல், வளைகோடாக ஏறிக்கொண்டே போகும். 415 என்பது ஆலை உத்தரவாதம் தந்த குறைந்தபட்சம். தளத்தின் ஓரத்தில், சுமை அதிகமில்லாத இடத்தில் துண்டுகள் வெட்டிச் சோதனைக்கு அனுப்பினோம். 470 அளவில் வந்தது. 361க்கும் 470க்கும் முப்பது சதவீத வித்தியாசம். கம்பி முப்பது சதவீதம் கூடுதலாகத் தாங்கினால் பீம் அந்த அளவுக்குக் கூடுதல் சுமையை ஏற்றுக்கொண்டுதான் வளைவில் தோற்க முன்வரும். அதற்குள் தாங்குமுனைக்கு அருகே ஷியர் அதே விகிதத்தில் ஏறியிருக்கும். ஷியரைத் தாங்க அங்கே இருந்தவை 6 மி.மீ. மைல்டு ஸ்டீல் ரிங்குகள், அகல இடைவெளியில். கூடவே அந்தக் கால வழக்கப்படி இரண்டு பென்ட்-அப் கம்பிகள். மிச்சத்தைக் கான்கிரீட்தான் சுமக்க வேண்டும். உண்மையான கம்பியைக் கொடுத்து ஓட்டியபோது நடுவில் வளைவதற்கு முன்பே முனையருகே சாய்வாக ஒரு விரிசல் ஓடி, பீம் திடீரென்று விட்டது. எச்சரிக்கை ஏதுமில்லை.

கம்பியைக் குறைத்துக் கொடுத்தது பீமைப் பாதுகாக்கவில்லை. தோல்வியின் இடத்தை மாற்றிக் காட்டியது, அவ்வளவுதான். ஓர் உறுப்பில் இரண்டு விதத் தோல்விகள் ஒன்றோடொன்று போட்டி போடும்போது ஒன்றின் வலுவைக் குறைப்பது மற்றதற்குச் சலுகை. நிலநடுக்க விதிகளை எழுதியவர்கள் இதை எப்போதோ புரிந்துகொண்டு விட்டார்கள். ஐ.எஸ். 13920 பீமின் ஷியரைக் கணக்கிடும்போது முனைகளின் வளைவு வலுவை 1.4ஆல் பெருக்கச் சொல்வது இதனால்தான்: கம்பி சொன்னதைவிட வலுவாக வந்துவிடும் என்ற பயம். கம்பியின் உண்மை வலு பெயரளவைவிட இருபது சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது என்று வரம்பு கட்டியதும் அதே பயம்தான். அமெரிக்காவின் ஏ.எஸ்.சி.இ. 41 இன்னும் வெளிப்படை. வளைவு போல இழுபட்டுத் தோற்பவற்றுக்கு எதிர்பார்க்கும் வலுவையும், ஷியர் போலச் சட்டென்று தோற்பவற்றுக்குக் கீழ்வரம்பு வலுவையும் எடு என்கிறது. சோதனை ஏதும் இல்லையென்றால் பெயரளவிலிருந்து எதிர்பார்க்கும் வலுவுக்குப் போகக் கம்பிக்கு 1.25, கான்கிரீட்டுக்கு 1.5 என்று பெருக்கெண்களும் தருகிறது. கான்கிரீட்டுக்கான 1.5ஐ நம் ஊர்ப் பழைய கட்டடத்துக்கு நான் எடுப்பதில்லை. சைட்டில் கலவையைக் கையால் கொட்டிய காலம் அது.

கான்கிரீட்டுக்கு வருவோம். வரைபடத்தில் எம்-15 என்று இருந்தது. எண்பதுகளில் அது சகஜம். சுத்தியல் சோதனையில், அதாவது ரீபவுண்டு ஹேமரில், எண்கள் பிரமாதமாக வந்தன. அதில் எனக்கு ஆச்சரியமில்லை. பல வருடம் காற்றிலுள்ள கரியமில வாயுவைக் குடித்த கான்கிரீட்டின் தோல் கெட்டிப்பட்டுப் போயிருக்கும், சுத்தியல் தட்டுவது அந்தத் தோலை. நல்ல நிலையிலேயே அது சொல்லும் வலு கால் பங்கு மேலேயோ கீழேயோ போகலாம் என்று ஐ.எஸ். விதியே ஒப்புக்கொள்கிறது. அதனால் கோர் எடுத்தோம். சில 10ஐத் தாண்டவில்லை, சில 20ஐத் தொட்டன. இந்தச் சிதறலைப் பார்த்ததும் எல்லாவற்றையும் கூட்டி வகுத்து ஒரு சராசரி எழுதிவிடக் கை பரபரக்கும். எழுதக் கூடாது. எந்தக் கோர் எங்கிருந்து வந்தது என்று பார்க்க வேண்டும். தூணின் மேல் பகுதியில் எடுத்தவை மெலிந்திருந்தன. கொட்டிய கலவையில் தண்ணீர் மேலே ஏறி நிற்பது எப்போதும் நடப்பது. பீமிலிருந்து வந்தவை ஓரளவு ஒத்துப்போயின. நான் உடைத்துப் பார்க்கப்போவது பீமை. எனவே பீமின் கோர்கள்தான் என் கணக்கு, தூணுக்குத் தூணுடையவை. கட்டடம் முழுவதற்கும் ஒரே சராசரி என்பது கட்டடத்தில் எங்குமே இல்லாத எண்.

கோருக்கும் க்யூபுக்கும் உள்ள வித்தியாசமும் இங்கே உறுத்தும். ஐ.எஸ். 456 கோர்களின் சராசரி எதிர்பார்த்த க்யூப் வலுவில் 85 சதவீதம் இருந்தாலே, தனித்தனியே எதுவும் 75க்குக் கீழே போகாவிட்டால், ஏற்றுக்கொள் என்கிறது. ஆய்வகக் க்யூபுக்குக் கிடைக்கும் கவனிப்பு பீமுக்குக் கிடைக்காது என்பதை அது முன்பே கழித்துக்கொள்கிறது. க்யூபின் கதை எங்களுக்குள் சிரிப்புக்குரிய விஷயம். லாரியிலிருந்து முதலில் இறங்கும் கலவையில் க்யூப் போட்டுவிட்டு, பிறகு பம்பில் தள்ளச் சுலபமாக இருக்கட்டுமென்று டிரம்முக்குள் தண்ணீர்க் குழாயைச் செருகும் மேஸ்திரிகளை எல்லோரும் பார்த்திருக்கிறோம். ஆகவே புதிய கட்டடமானாலும் க்யூப் சோதனைத் தாளை வாங்கி அப்படியே சராசரியை எழுதிவிடுவதில்லை, 0.85ஆல் பெருக்கி, பிறகு உருளைக்கு மாற்றிக்கொள்வேன்.

இதுவரை அமுக்குவலு மட்டும்தான். இது எல்லோரும் கவனிக்கும் எண். ஆனால் பீம் ஷியரில் போகும்போது கதையை நடத்துவது இழுவலுவும், அதற்குப் பின்னால் ஒளிந்திருக்கும் முறிவு ஆற்றலும். இந்த இரண்டையும் சைட்டில் பெரும்பாலும் யாரும் அளப்பதில்லை. சூத்திரத்திலிருந்து வருகின்றன. சூத்திரம் எங்கிருந்து வருகிறது என்பதில்தான் தலைவிதி.

எம்-25க்குத் திரும்புகிறேன், எண்கள் எளிது. ஐ.எஸ். 456 தரும் 0.7 பெருக்கல் வலுவின் வர்க்கமூலம் 3.5 மெகாபாஸ்கல். அது பீமை வளைத்துப் பெறும் வலு, நேராக இழுத்துப் பெறுவதல்ல. யூரோகோடு அதே கான்கிரீட்டுக்கு நேர் இழுவலுவின் சராசரி 2.2 என்கிறது. கணினி கேட்பது இரண்டாவதை. 3.5ஐக் கொடுத்த மாடல்களை நான் பார்த்திருக்கிறேன்; விரிசல் தாமதமாக வரும், பீம் ஆரம்பத்தில் நிஜத்தைவிட விறைப்பாக நிற்கும், ஷியரில் கூடுதலாகத் தாங்கும். படம் பார்க்க நன்றாகவே இருக்கும்.

டிசைன் வளைகோட்டை அப்படியே ஊட்டுவது இதற்கு நேர் எதிர்த் திசையில் போகும் வழக்கம். ஐ.எஸ். 456இன் பரவளையம் 11.2இல் தட்டையாகிறது, 0.002 திரிபில். ஒரு பரவளையத்தின் தொடக்கச் சரிவு உச்சத்தை உச்சத் திரிபால் வகுத்து இரண்டால் பெருக்கியது. போட்டுப் பாருங்கள்: ஏறக்குறைய 11,150 மெகாபாஸ்கல். அதே ஐ.எஸ். 456 மாடுலஸுக்கு 5000 பெருக்கல் வர்க்கமூலம் என்று 25,000 சொல்கிறது. யூரோகோடு 30,000. ஒரே கட்டடத்துக்கு, பெயரளவில் ஒரே கான்கிரீட்டுக்கு, விறைப்பு பாதிக்கும் கீழே. பாதுகாப்பெண்ணை வளைகோட்டுக்குள் செருகியதன் விளைவு இது. பிரேமில் எந்தத் தூண் எவ்வளவு சுமையை வாங்கும் என்பதே விறைப்பைப் பொறுத்தது என்பதால், இங்கே தவறினால் பின்னால் வரும் எல்லாமே சாய்ந்துவிடும்.

மாடுலஸில் ஜல்லிக்கும் பங்குண்டு. யூரோகோடு தன் சூத்திரத்தைக் குவார்ட்சைட் ஜல்லிக்கு எழுதியிருக்கிறது. சுண்ணாம்புக் கல்லானால் 10 சதவீதம் குறை, மணற்கல்லானால் 30, பசால்ட்டானால் 20 கூட்டு என்கிறது. நம் விதியோ அளந்த மதிப்பு சூத்திரத்திலிருந்து 20 சதவீதம் இப்படியோ அப்படியோ விலகலாம் என்று பொதுவாகச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறது. சென்னைச் சுற்று வட்டாரத்தில் உடைக்கும் கருங்கல் ஜல்லியில் பெரும்பகுதி சார்னோக்கைட். பல்லாவரம், பரங்கிமலைப் பாறை. கல்கத்தாவில் ஜாப் சார்னோக்கின் கல்லறைமேல் இருந்த கல் இதே ஜாதி என்று பார்த்து ஹாலண்ட் என்ற புவியியலாளர் அந்தப் பெயரை வைத்தார். விறைப்பான கல், அதனால் குறைக்க எனக்குக் காரணமில்லை. கூட்டவும் மாட்டேன், அளந்தால் ஒழிய. கோர் எடுக்கிற அன்றே இரண்டு மூன்றை மாடுலஸுக்கு ஒதுக்கிவிடுவது நல்லது. செலவு பெரிதல்ல, ஆனால் நசுக்கிய பிறகு கேட்டால் கிடைக்காது.

முறிவு ஆற்றலில்தான் எனக்கு அதிக நேரம் போகும். கான்கிரீட் விரிசல் விட்டதும் அங்கே வலு உடனே பூஜ்யமாவதில்லை. ஜல்லிகள் இரண்டு பக்கத்தையும் பிடித்துக்கொண்டே மெதுவாகக் கைவிடும். ஒரு சதுர மீட்டர் விரிசலை முழுதாகத் திறக்கச் செலவாகும் ஆற்றல்தான் இந்த எண். ஸ்வீடனின் லுண்ட் பல்கலைக்கழகத்தில் ஹில்லர்போர்க்கும் அவர் சகாக்களும் 1976இல் இதைக் கணினி மாடலுக்குள் கொண்டுவந்தார்கள். அளக்கச் சிரமமானது. ஆகவே எல்லோரும் ‘மாடல் கோடு’ என்ற விதிநூலைப் புரட்டுகிறோம். 28 மெகாபாஸ்கல் சராசரி உருளை வலுவுக்கு, 16 மி.மீ. ஜல்லிக்கு, 1990ஆம் ஆண்டு மாடல் கோடு மீட்டருக்கு 62 நியூட்டன் அளவு தரும். 2010 பதிப்பு ஜல்லியின் அளவைக் கணக்கில் எடுப்பதையே விட்டுவிட்டு, ஏறக்குறைய 133 தரும். ஒரே பாரம்பரியம், இரண்டு பதிப்பு, இரட்டிப்புக்கு மேல் வித்தியாசம். போதுமான கம்பி உள்ள பீம் வளைவில் தோற்கும்போது இரண்டில் எதைக் கொடுத்தாலும் விடை பெரிதாக அசையாது. ரிங் குறைவான எங்கள் பீம் போன்றதற்கு அசையும். நான் இரண்டையும் ஓட்டுவேன். இரண்டுக்கும் ஒரே தோல்வி வடிவம் வந்து சுமை கொஞ்சம் மாறினால் நிம்மதி. வடிவமே மாறினால் அந்த உறுப்பைப் பற்றி உறுதியாக எதுவும் எழுத மாட்டேன், எழுதச் சொன்னாலும்.

இந்த எண்ணை மெஷ் அளவோடு கட்டிவைக்காவிட்டால் எந்தக் கோடைப் பார்த்தும் பயனில்லை. பலர் மென்பொருளில் விரிசல் முழுதாகத் திறக்கும் திரிபை 0.001 என்று நிலையாகக் கொடுத்துவிடுகிறார்கள். 2.2 இழுவலுவோடு, நேர்கோடாகக் குறையும் முக்கோணத்தின் பரப்பை எலிமெண்ட் அளவால் பெருக்கிப் பாருங்கள். 50 மி.மீ. எலிமெண்டில் 55 நியூட்டன்/மீட்டர் கிடைக்கிறது, கேட்டால் நியாயமாக இருக்கிறது. அதே உள்ளீட்டில் 200 மி.மீ. மெஷ் போட்டால் 220, கான்கிரீட் ரப்பராகிவிட்டது. 20 மி.மீ. போட்டால் 22, கண்ணாடி. மெஷை நுணுக்கினால் விடை துல்லியமாகும் என்று கல்லூரியில் படித்தோம். இங்கே நுணுக்க நுணுக்கக் கட்டடம் பலவீனமாகிக்கொண்டே போகும். பசாந்தும் ஓவும் 1983இல் தந்த தீர்வு எளிது: திரிபை நிலையாக வைக்காதே, ஆற்றலை நிலையாக வை, எலிமெண்டின் அகலத்துக்கேற்பத் திரிபை மாற்று. நல்ல மென்பொருள்கள் தாமாகவே செய்யும். செய்கிறதா என்று ஒரே ஒரு எலிமெண்டை இழுத்துப் பார்த்துவிட்டு மேலே போங்கள். அமுக்கத்திலும் இதே கதைதான், நொறுங்கும் ஆற்றல் இழுவையைவிட இருநூறு மடங்கு அளவில் பெரியது என்பதைத் தவிர. டச்சு அரசின் வழிகாட்டி 250 மடங்கு எடுக்கச் சொல்கிறது.

சுருக்கம் என்ற இன்னொன்றை யாரும் உள்ளீட்டில் தேடுவதில்லை. உலரும்போது கான்கிரீட் சுருங்கும், ஐ.எஸ். 456 மொத்தத் திரிபை 0.0003 என்று தோராயமாகக் கொடுக்கிறது. முழுதாகத் தடுத்தால் 25,000 மாடுலஸில் 7.5 மெகாபாஸ்கல் இழுவை, இழுவலுவின் மூன்று மடங்குக்கு மேல். தவழ்வு இதில் பெரும்பகுதியைத் தளர்த்திவிடும் என்றாலும், வருடக்கணக்காக நிற்கும் ஒரு பீமின் இழுவலுவில் ஒரு பங்கு சுமை வருவதற்கு முன்பே செலவாகிவிட்டது என்பது நிச்சயம். சுருக்கத்தை மாடலில் வைக்காவிட்டால் இழுவலுவைப் பாதியாக்கி எடுப்பது எங்கள் தொழிலில் பலரும் செய்வது. நானும் அப்படியே. முதல் விரிசல் சுமையையும், சேவைச் சுமையில் எவ்வளவு தொய்யும் என்பதையும் சரியாகச் சொல்ல இது வேண்டும். கடைசித் தோல்விச் சுமைக்கு இழுவலுவை வெட்டுவது வேறு கேள்வி, அதைக் கலக்கக் கூடாது.

எண்களை ஒரே வீட்டிலிருந்து எடுக்க வேண்டும் என்பதில் எனக்குப் பிடிவாதம் உண்டு. மாடுலஸ் ஐ.எஸ்.ஸிலிருந்து, இழுவலு யூரோகோடிலிருந்து, ஆற்றல் 1990 மாடல் கோடிலிருந்து, உச்சத் திரிபு யாரோ ஒருவர் ஆய்வுக் கட்டுரையிலிருந்து என்றால், ஒவ்வொன்றும் தனித்தனியாகச் சரியாக இருந்தும் சேர்ந்து எந்தக் கான்கிரீட்டாகவும் இருக்காது. நாலு கடையில் பொறுக்கிய கதவு, நிலை, கீல், தாழ்ப்பாள் மாதிரி. ஒரு கோடின் சூத்திரங்கள் ஒரே சோதனைக் குவியலில் இருந்து ஒன்றுக்கொன்று ஒத்துப்போகும்படி எழுதப்பட்டவை. மாற்றினால் எல்லாவற்றையும் மாற்று. அளந்த எண் கைக்கு வந்தால் மட்டும் அந்த இடத்தில் செருகு.

அப்புறம் மென்பொருள் கேட்கும், ஆனால் கான்கிரீட்டுக்குத் தெரியாத சில எண்கள். இரு திசை அமுக்கத்தின் விகிதம் 1.16 என்பது குப்பர், ஹில்ஸ்டார்ஃப், ரூஷ் 1969இல் வெளியிட்ட சோதனைகளிலிருந்து வந்தது. அதைத் தொட வேண்டியதில்லை. விரிவுக் கோணத்தை 30 முதல் 40 டிகிரிக்குள் வைத்துப் பார்ப்போம். விஸ்காசிட்டி என்ற ஒன்று இருக்கிறதே, அதுதான் சங்கடம். கணக்கு திக்கித் திணறி நிற்காமல் ஓட வேண்டுமென்று சேர்க்கும் ஊன்றுகோல் அது, பொருளின் குணமல்ல. கூட்டக் கூட்டக் கணினி ஜம்மென்று ஓடும், பீமும் கூடுதலாகத் தாங்கும். பத்தில் ஒன்றாகக் குறைத்து மறுபடி ஓட்டி, உச்சச் சுமை நகராத இடம்வரை இறக்குவேன். இரவு முழுதும் ஓடும், ஓடட்டும்.

இந்த ஊன்றுகோலைத் திருகினாலும், விரிவுக் கோணத்தைக் கூட்டினாலும், ஆற்றலை இரட்டித்தாலும் விளைவு ஒன்றே: சுமை ஏறும். அதனால்தான் ஒரே ஒரு சோதனை பீமோடு கோடு பொருந்தும்வரை எண்களைத் திருகி, “மாடல் சரிபார்க்கப்பட்டது” என்று எழுதும் அறிக்கைகளை நான் மதிப்பதில்லை. மூன்று தவறுகள் ஒன்றையொன்று ஈடுகட்டினாலும் கோடு பொருந்தும். எங்கள் வழக்கம் வேறு. 1963இல் பெர்க்லியில் ப்ரெஸ்லரும் ஸ்கோர்டெலிஸும் வெளியிட்ட 12 பீம்கள் இந்தத் தொழிலின் பொதுச் சொத்து. ரிங் இல்லாதவை, இருப்பவை, குட்டையானவை, நீளமானவை எல்லாம் அதில் உண்டு. டொரண்டோவில் வெக்கியோவும் ஷிம்மும் பின்னாளில் அவற்றை மறுபடி செய்தே உடைத்துப் பார்த்தார்கள். எங்கள் எண் எடுக்கும் விதியை முதலில் முடிவு செய்துவிட்டு, எந்தப் பீமுக்காகவும் அதை மாற்றாமல் அத்தனையையும் ஓட்டுவோம். விதி சில பீம்களில் பத்து சதவீதம் மேலே போகும், சிலவற்றில் கீழே. அந்தச் சிதறலே என் மாடலின் நம்பகம். அதற்குமேல் நான் யாரிடமும் உறுதி கொடுக்க முடியாது.

அதுவும் நமக்குப் பழகிய அளவு பீம்களுக்குத்தான். டொரண்டோ பல்கலைக்கழகத்தில் 4 மீட்டர் ஆழமுள்ள ஒரு தளப்பட்டையை உடைக்கப் போவதாக அறிவித்து, உடைப்பதற்கு முன் வலுவைக் கணித்துச் சொல்ல அழைத்தார்கள். 2015இல் முடிவு வெளியானது. 60க்கும் மேற்பட்ட விடைகள் வந்திருந்தன. கான்கிரீட் வலுவும் கம்பி விவரமும் எல்லோருக்கும் ஒன்றுதான், இருந்தும் விடைகள் ஒன்றுக்கொன்று பல மடங்கு விலகின. பொருளின் எண் கையில் இருந்தாலே இவ்வளவு என்றால், அதையும் ஊகிக்கிற இடத்தில் நிற்பவன் அடக்கமாகத்தான் பேச வேண்டும். அந்தப் பட்டையின் படத்தை எங்கள் அறையில் ஒட்டி வைத்திருக்கிறோம்.

எல்லாமே சராசரி என்றால் பாதுகாப்பு எங்கே என்று வாடிக்கையாளரின் பொறியாளர் கேட்பார், கேட்கத்தான் வேண்டும். பாதுகாப்பு கடைசியில் வரும், விடையின்மேல். செக் நாட்டின் செர்வென்காவின் முறைதான் எனக்குக் கைவந்தது. 2010 மாடல் கோடிலும் இருக்கிறது. மாடலை இரண்டு முறை ஓட்ட வேண்டும், சராசரி எண்களோடு ஒருமுறை, கீழ்வரம்புச் சிறப்பெண்களோடு ஒருமுறை. இரண்டு வலுக்களின் விகிதத்திலிருந்து சிதறலையும், அதிலிருந்து வகுக்க வேண்டிய பாதுகாப்பெண்ணையும் பெறுகிறோம். விகிதம் 1.1 என்றால், பெரும்பாலும் கம்பி இளகித் தோற்கும் பீம், 1.19ஆல் வகுத்தால் போதும். விகிதம் 1.25 என்றால் 1.51. மாடலின் நம்பகத்துக்கு இதன்மேல் தனியாக ஒன்று. கான்கிரீட்டை நம்பித் தோற்கும் உறுப்புக்குத் தானாகவே கூடுதல் தண்டனை விழுகிறது. யாரும் முன்கூட்டியே எந்த எண்ணையும் குறைத்து உண்மையைக் கலைக்க வேண்டியதில்லை. எங்கள் டிரான்ஸ்ஃபர் பீம் இரண்டாவது வகை. வகுத்து வந்த எண் இருக்கிற சுமைக்கே இறுக்கமாக இருந்தது, இரண்டு தளத்தைப் பற்றிப் பேச்சே இல்லை.

உரிமையாளர் லோடு டெஸ்ட் செய்து பார்த்துவிடலாமே என்றார். செய்தோம், அவர் மனசுக்காகவும் என் மாடலுக்காகவும். மணல் மூட்டை அடுக்கி, ஐ.எஸ். 456 சொல்லும் 1.25 மடங்கு பயன்சுமையை 24 மணி நேரம் நிறுத்தி, தொய்வை டயலில் பார்த்தோம். இழுவலுவை முழுதாகவும் பாதியாகவும் எடுத்து நான் ஊகித்த இரண்டு எண்களுக்கு நடுவே தொய்வு விழுந்தது, பாதியாக்கியதற்குச் சற்று அருகில். சுமையை இறக்கியதும் நன்றாகவே மீண்டது. உரிமையாளர் முகம் மலர்ந்தது. விறைப்பை மட்டும்தான் இந்தச் சோதனை சொல்கிறது, ஷியரில் எப்போது விடும் என்பதை விடும் வரை அது சொல்லாது என்று புரியவைக்க ஒரு மாலை பிடித்தது. தளம் கூட்டும் யோசனை போனது. இருக்கும் பீமுக்கு ஜாக்கெட் போட ஒத்துக்கொண்டார்.

ஜாக்கெட் என்றதும் மாடலில் புதிதாக ஓர் எண் முளைத்தது. பழைய கான்கிரீட்டுக்கும் புதியதற்கும் நடுவே உள்ள பரப்பு எவ்வளவு பிடிக்கும்? யூரோகோடு மழுமழுப்பான பரப்புக்கு உராய்வு 0.6, கரடுமுரடானதற்கு 0.7 என்கிறது, ஒட்டுதலுக்குத் தனி எண். கரடுமுரடு என்று ஒப்புக்கொள்ள 40 மி.மீ. இடைவெளியில் குறைந்தது 3 மி.மீ. மேடுபள்ளம் வேண்டும். எங்களிடம் புதிதாகச் சேர்ந்த அந்தப் பொறியாளரும் நானும் ஸ்கேலை எடுத்துக்கொண்டு சாரத்தில் ஏறினோம். இரண்டு பக்கமும் நன்றாகக் கொத்தியிருந்தார்கள். அடிப்பக்கத்தில், கை எட்டாத இடத்தில், அங்கொன்று இங்கொன்றாகச் சில குழிகள் மட்டும். “கொத்தச் சொன்னா பொட்டு வெச்சிருக்காங்க சார்” என்றார் அவர். பக்கங்களுக்கு 0.7, அடிக்கு 0.6 என்று நோட்டில் எழுதிக்கொண்டார். மேஸ்திரியைக் கூப்பிட்டு அடிப்பக்கத்தை மறுபடி கொத்தச் சொல்லிவிட்டு இறங்கினோம்.